இஞ்சினை அணைத்த பிறகு வந்த ஓங்கில்கள்

சென்ற தீபாவளி விடுமுறையில் என் நாத்தனார் மொரீஷியசிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்தத் தீவின் மேற்குக் கரையில் தமரின் விரிகுடா என்று ஓர் இடம். விடியற்காலையில் படகில் கூட்டிப் போய், டால்பின்கள் திரியும் இடத்தில் ஆட்களைத் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். நீல நீருக்குள் நாத்தனார் மிதக்கிறார். அவருக்குக் கீழே சாம்பல் நிற உடல்கள் நான்கைந்து வரிசையாகப் போகின்றன. பன்னிரண்டு வயதான என் மகள் அந்தப் படத்தை என் கைபேசியில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. "நம் கடலிலும் டால்பின் இருக்கிறதாம் அம்மா. நாமும் போய் அவற்றோடு நீந்தலாமா?" என்றாள்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். தேவனாம்பட்டினம் கடற்கரை சைக்கிளில் போகும் தூரம். ஞாயிறு மாலையில் கால் நனைத்துவிட்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதுதான் எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு. கடலைக் கொஞ்சம் தெரிந்தவர் வீட்டில் என் மாமியார் மட்டுமே. அவர் பரங்கிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். டால்பின் என்ற சொல்லே அவர் வாயில் வராது, ஓங்கில் என்றுதான் சொல்வார். இந்தக் கரை மீனவர்கள் வழங்கும் பெயர் அது. "ஓங்கிலைப் பார்க்கக் காசு கொடுத்துப் போவார்களா?" என்று வியந்தவர், தானும் வருவதாகச் சொன்னார்.

இரண்டு முறை போனோம். ஜனவரிக் கடைசியில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை. இரண்டும் புதுச்சேரியிலிருந்துதான். முதல் பயணத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. இன்னொரு குடும்பம் அதே மாதிரிப் போய் ஏமாறக் கூடாது என்பதற்காக அதையும் எழுதுகிறேன். யார் கூட்டிப் போனார்கள் என்பது வேண்டாம்.

தொலைபேசியில் பேசியபோது, "டால்பின் உறுதி. விருப்பம் உள்ளவர்கள் தண்ணீரிலும் இறங்கலாம்" என்றார்கள். அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டதுமே நான் தொலைபேசியை வைத்திருக்க வேண்டும். காட்டுயிரை உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர், எப்படியாவது துரத்திப் பிடித்துக் காட்டுவேன் என்றுதான் சொல்கிறார். அன்று அது எனக்குப் புரியவில்லை.

படகு காலை ஒன்பதரைக்குக் கிளம்பியது. எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்குப் பெரியவர்கள் போடும் மிதவைச் சட்டையைத்தான் கொடுத்தார்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் சட்டை மட்டும் கையோடு வந்தது, பையன் கீழே நின்றான். சின்ன அளவு இல்லையா என்று கேட்டதற்கு, "ஒன்றும் ஆகாது மேடம்" என்ற பதில்தான் கிடைத்தது. அதற்குள் வெயில் ஏறிக் காற்றும் கிளம்பிவிட்டிருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட ஆரம்பித்தது. காலையில் வழியில் சாப்பிட்ட பூரிக்கிழங்கு மகளின் வயிற்றில் தங்கவில்லை. என் கணவர் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தொலைவில் கறுப்பாக முதுகுகள் தெரிந்தன. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். படகோட்டி உடனே இஞ்சினை முடுக்கினார். வேறு இரண்டு படகுகளும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டன. மூன்று படகுகளும் ஆளுக்கொரு பக்கமாக வளைத்தன. முதுகுகள் ஒரு நிமிடம் தெரியும், உடனே மறையும். அவை எங்கே எழுகின்றனவோ அங்கே படகு பாயும். நடுவில் ஓர் இளைஞர் மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டு நேராக அவற்றின் முன்னால் குதித்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு தாயும், அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே வந்த ஒரு சின்னக் குட்டியும் எங்கள் படகுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றுவிட்டன. குட்டி அடுத்தடுத்து நான்கு முறை மூச்சு வாங்க மேலே வந்தது. என் கைக்கும் அதற்கும் இரண்டு படகு நீளம்தான் இருக்கும். படகில் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவையும் மூழ்கின, திரும்ப எழவே இல்லை.

திரும்பும் வழியில் தவளக்குப்பம் வரும் வரை மகள் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அம்மா, அவை விளையாடவில்லை. நமக்குப் பயந்து ஓடின."

அந்த ஒரு வாக்கியம் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. நாங்கள் பார்த்தவை சுழல் டால்பின்கள் என்ற இனம். மெலிந்த நீண்ட மூக்கு, ஏறக்குறைய இரண்டு மீட்டர் உடல், தண்ணீரிலிருந்து எழும்பிக் காற்றில் பம்பரம்போல் சுற்றும் பழக்கம். இவை இரவில்தான் வேட்டையாடுகின்றன. பகலெல்லாம் ஆழத்தில் கிடக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் இருட்டியதும் மேலே ஏறி வரும். அவற்றை இரவு முழுவதும் தின்றுவிட்டு, விடிந்ததும் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து பகலில் ஓய்வெடுக்கும். கடலூர், புதுச்சேரிக் கரைகளுக்கு எதிரே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்குகள் இருக்கின்றன என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். டால்பின் உறங்குவது நம்மைப்போல் அல்ல. மூளையின் ஒரு பாதி உறங்க, மறு பாதி விழித்திருந்து உடலை மூச்சுக்கு மேலே கொண்டுவரும். ஆக, காலை பத்தரை மணிக்கு மூன்று படகுகள் வளைத்துக்கொண்டு துரத்தியது, இரவு வேலை முடித்து வந்து படுத்த ஒரு குடும்பத்தை. இரவுப் பணி முடித்து வருகிறவர்கள் இருக்கும் வீட்டில் நாம் மிக்ஸியைக்கூட ஓடவிடமாட்டோம்.

இதே சுழல் டால்பின்களுக்காகத்தான் அமெரிக்க அரசு 2021இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு விதி கொண்டுவந்தது. கரையை ஒட்டிய கடலில் 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் அவற்றை நெருங்கவும் கூடாது, அவற்றோடு நீந்தவும் கூடாது. நியூசிலாந்தில் பே ஆஃப் ஐலண்ட்ஸ் என்ற இடத்தில் பல ஆண்டுகள் டால்பின்களோடு நீந்துவதே பெரிய வியாபாரமாக நடந்தது. அங்குள்ள குப்பிமூக்கு டால்பின்கள் குறைந்துகொண்டே போனதால் 2019இல் அவற்றோடு சேர்ந்து நீந்துவதை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் டால்பின்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடத்தில் இருக்கின்றன. அந்தச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல, விரட்டுவதும் வருகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது அதைத்தானே. தொட்டியில் அடைத்து வித்தை காட்டும் டால்பின் காட்சியகங்களை நம் மத்திய அரசு 2013இலேயே அனுமதிக்க மறுத்துவிட்டது. தொட்டியில் வேண்டாம் என்று அரசே சொன்னதைத் திறந்த கடலில் நாம் செய்யலாமா?

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீந்தும் ஆசையை அவள் உடனே விட்டுவிட்டாள் என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "பார்க்கவாவது இன்னொரு தடவை போகலாமா? ஆனால் துரத்தாத படகில்" என்றாள்.

துரத்தாத படகைத் தேடுவதற்கு ஒரு மாதம் ஆனது. கணவரின் நண்பர் ஒருவர் மூலம் ஒரு படகோட்டியின் எண் கிடைத்தது. இருபது ஆண்டுகள் மீன்பிடித் தொழிலில் இருந்தவர், இப்போது சவாரிக்கு அனுமதி வாங்கிப் படகு ஓட்டுகிறார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை பேர், யார் யாருக்கு என்ன வயது?" என்பதுதான். அடுத்து, "தண்ணீரில் இறங்க விடமாட்டேன். ஓங்கில் தெரியவில்லை என்றாலும் கூலி கொடுக்க வேண்டும். சம்மதமா அக்கா?" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. முழுப் படகையும் எங்களுக்கே பேசிக்கொண்டோம். பணம் கூடுதல்தான். ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேரின் அவசரத்துக்குப் படகு ஓடாது.

குறித்த நாளுக்கு முந்தின இரவு அவரே அழைத்து, "நாளைக்குக் காற்று சரியில்லை, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். பிள்ளைகள் அழுதார்கள். நான் அந்த மனிதரை அப்போதே நம்பிவிட்டேன். வரும் வருமானத்தை வேண்டாம் என்று தள்ளிவைக்கிறவரின் படகில்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். நீங்களும் உங்கள் பங்குக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் கடலோரப் பகுதிகளுக்கு அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் நாள்தோறும் வெளியிடுகிறது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம், அப்போது இந்த ஆசையே வேண்டாம். பிப்ரவரியும் மார்ச்சும் எங்கள் பக்கத்தில் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

இந்த முறை எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்தோம். முதல் நாள் இரவே எல்லோரும் எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்தோம். காலையில் ஆளுக்கு இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்; கடலில் இரண்டுமே புரட்டும். குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் வாந்தித் தடுப்பு மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தோம். படகு ஆடத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. மாமியார் தன் சுருக்குப் பையில் காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டுகளை எடுத்துக்கொண்டார். அவருக்கு அது எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, தாடையில் நாடா கட்டும் தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்றுத் துணி. பெண்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சின்னப் படகில் கழிப்பறை கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு அதற்கேற்றபடி தயாராகப் போக வேண்டும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தவறு, வெயிலில் தலை சுற்றும்.

மிதவைச் சட்டையை நானே கையோடு வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவு, கால்களுக்கு நடுவே வந்து மாட்டும் பட்டை உள்ளது. அந்தப் பட்டை இல்லையென்றால் சட்டை மிதக்கும், பிள்ளை உள்ளே நழுவிப்போவான். மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுக்கு மேலே ஏறினால் அது சரியான அளவு அல்ல. படகோட்டியும் இதையே தன் கையால் செய்து பார்த்தார். மகனைத் தூக்கியபோது அவனும் சேர்ந்து மேலே வந்தான், இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆட அவன் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான்கே காலுக்குக் கிளம்பிய எங்கள் கார் கன்னியகோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று இருட்டிலேயே ஓடித் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நின்றது. அங்கே நாள் எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது. ஐஸ் உடைக்கும் சத்தம், மீன் ஏலம் கூவும் பெண்களின் குரல், டீசல் வாடை. எங்கள் பெயர், வயது, ஆதார் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படகு ஏறினோம். இது கட்டாயம். யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை நானும் கணவரும் கைபேசியில் பதிந்துவைத்திருந்தோம்.

சரியாக ஆறு மணிக்குக் கட்டு அவிழ்த்தார்கள். முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து கிடப்பதால் அலைகள் அங்கேதான் உடைகின்றன. "இந்த ஐந்து நிமிடம் மட்டும் உட்கார்ந்த இடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு தொட்டில்தான்" என்றார் படகோட்டி. பிள்ளைகளைப் படகின் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையில் உட்கார வைத்தார். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். இஞ்சினுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தால் புகை குமட்டும். கண்ணைப் படகுக்குள் வைக்காமல் தொடுவானத்தில் வைக்கச் சொன்னார். அன்று யாருக்கும் வாந்தி வரவில்லை.

கடல் அன்று எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் புதுச்சேரிக் கலங்கரை விளக்கம் விரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. கிழக்கே சூரியன் எழும்பியது. பறவைக்கோலா மீன்கள் இரண்டு படகின் முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, ஒரு வீட்டு நீளத்துக்குப் பறந்து விழுந்தன. மகன் அதையே டால்பின் என்று நினைத்துக் கத்திவிட்டான்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். படகோட்டி வேகத்தைக் குறைத்து, தெற்கே கை காட்டினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆலா பறக்கிறது பாருங்கள்" என்றார். வெள்ளைப் பறவைகள் ஒரு பத்து, ஒரே இடத்தில் வட்டமிட்டுத் தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. ஆலா சுற்றும் இடத்தில் சின்ன மீன் மேலே வந்திருக்கும், அதைத் தேடிச் சூரை மீனோ ஓங்கிலோ வந்திருக்கும். அவர் நேராக அங்கே போகவில்லை. சுற்றி வளைத்து, பறவைகளுக்கு வெகு தூரம் முன்னால் போய் நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். "அவை போகும் வழி இதுதான். நாம் இங்கே இருப்போம். வர வேண்டும் என்றால் அவையே வரும்."

அந்த அமைதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இஞ்சின் சத்தம் நின்றதும்தான் அதுவரை நாங்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. படகின் அடியில் தண்ணீர் களக் களக் என்று தட்டியது. கீழே பத்துப் பாகம் ஆழம் என்றார் படகோட்டி, அதாவது பத்து ஆள் கை விரித்து நின்ற நீளம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மகன் நெளிய ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

முதலில் கேட்டது மூச்சு. பின்பக்கமிருந்து, "ப்பூ" என்று. ஈரத் துணியை உதறியதுபோல ஒரு சத்தம். திரும்பினால் படகுக்குப் பின்னால் நான்கு முதுகுத் துடுப்புகள், அவற்றுக்கு அப்பால் இன்னும் பத்துப் பதினைந்து. எந்த அவசரமும் இல்லாமல், வேலை முடித்துத் தெருவில் நடந்து வருகிறவர்களைப்போல அவை எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மேலே கரும் சாம்பல், பக்கவாட்டில் வெளிர் சாம்பல், வயிறு வெள்ளை என்று மூன்று பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று விலகி வந்து படகின் ஓரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் கண் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தது. மகளைப் பார்த்ததா, படகைப் பார்த்ததா, எனக்குத் தெரியாது. மகள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

அப்போது படகோட்டி மெல்லக் குனிந்து, "பாப்பா, படகுத் தரையில் காதை வைத்துக் கேள்" என்றார். பழைய நாளில் இரவில் வலை போட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது, கீழே பன்னா மீன் கூட்டம் போனால் தவளை கத்துவதுபோல் படகுக்குள் கேட்குமாம். அதை வைத்தே வலையை இழுப்பார்களாம். மகள் ஈரத் தரையில் குப்புறப் படுத்துக் காதை அழுத்தினாள். சில நொடிகள் அசைவில்லை. பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நானும் படுத்தேன். பைபர் தரை வழியாக மிக மெல்லிய சீழ்க்கைகள், ஒன்று முடியும் முன் இன்னொன்று, மேலே ஏறி வளைந்து இறங்கின. இடையிடையே உளுந்து சிந்துவதுபோல் கடகடவென்று ஒரு சத்தம். அந்தக் கடகடப்பு அவை ஒலியை வீசி, திரும்பி வரும் எதிரொலியால் எதிரில் இருப்பதை அறிவது. சீழ்க்கை அவை தமக்குள் தொடர்புகொள்வது. அடியில் நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு பேச்சை நாங்கள் இருவரும் கன்னத்தைத் தரையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். இஞ்சின் ஓடியிருந்தால் இதில் ஒரு துளிகூடக் கேட்டிருக்காது. அவற்றுக்கும் அப்படித்தானே, இஞ்சின் ஓடும்போதெல்லாம்?

கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று திடீரென்று எழும்பிச் சுற்றியது. மகன் எண்ணினான், மூன்று சுற்று என்றான். நான் இரண்டுதான் பார்த்தேன். மாமியார் கை கூப்பியிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். அவை வடகிழக்கே விலகின. "பின்னாலேயே போகலாமா?" என்று என் கணவரே கேட்டுவிட்டார். படகோட்டி தலையை அசைத்தார். "போதும் சார். அவை தூங்கப் போகின்றன." அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் காத்திருந்து, அவை நன்றாக விலகிய பிறகுதான் இஞ்சினைத் தொட்டார்.

நீங்கள் ஏறும் படகு இப்படி நடந்துகொள்ளாவிட்டால் வாய் திறந்து சொல்லுங்கள். நேர் எதிரே போகக் கூடாது, குறுக்கே வெட்டக் கூடாது, கூட்டத்துக்கு நடுவே நுழையக் கூடாது. பக்கவாட்டில், அவை போகும் திசையிலேயே, மெதுவாக. 50 மீட்டராவது தள்ளி. குட்டி இருந்தால் இன்னும் தள்ளி. எதையும் தின்னப் போடக் கூடாது. வேறொரு படகு ஏற்கெனவே அங்கே நின்றால் நாம் காத்திருக்க வேண்டும். காசு கொடுக்கிறவர் நாம்; நாம் கேட்டால்தான் மாறும். ஜனவரியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அந்தக் குட்டி நான்கு முறை மூச்சு வாங்கியதை நான் மறக்கப்போவதில்லை.

திரும்பும்போது மாமியார் தன் சிறுவயதுக் கதையைச் சொன்னார். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் ஓங்கில் ஒன்று உயிரோடு கரை ஒதுங்கியதாம். ஊரே கூடி நின்றதாம். வாலைப் பிடித்து இழுத்தார்கள், குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், மதியத்துக்குள் செத்துவிட்டது. "நல்லது என்று நினைத்துத்தான் ஊற்றினோம்" என்றார். படகோட்டி வருத்தத்தோடு விளக்கினார். அதன் மூக்கு தலை உச்சியில் இருக்கிறது. அங்கே ஊற்றினால் மூச்சுமுட்டும். வாலை இழுத்தால் முதுகெலும்பு பிசகும். உயிரோடு ஒதுங்கினால் செய்ய வேண்டியது, கூட்டத்தை விலக்கி, நிழல் கொடுத்து, மூச்சுத் துளையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் ஈரத் துணியால் நனைத்து வைத்து, வனத்துறைக்குச் சொல்லி அனுப்புவது. கடலூர், புதுச்சேரிக் கரையில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓங்கில் வலையில் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று மகள் படகோட்டியிடம் கேட்டாள். அவர் மழுப்பவில்லை. "உயிரோடு இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடுவோம். வலை போனால் போகட்டும். ஆனால் இரவில் போட்ட வலை பாப்பா, விடிந்து இழுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் மூச்சடைத்திருக்கும். அது மீன் இல்லையே, மேலே வந்தாக வேண்டுமே." கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். ஓங்கில்கள் வலையில் சிக்கிய மீனைப் பிடுங்கித் தின்று வலையைக் கிழித்துப்போடுவதையும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, பக்கத்து வயல்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

கரைக்கு அருகே மகன் தண்ணீரில் கை விட்டபோது சொறி எனப்படும் ஜெல்லி மீன் ஒன்று உரசி, மணிக்கட்டில் சிவந்து தடித்துவிட்டது. தேய்க்காமல், மணல் போடாமல், கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவினோம், மாலைக்குள் வற்றிவிட்டது. மூச்சுத் திணறலோ முகத்தில் வீக்கமோ வந்தால் மட்டும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்பதே காலுக்கெல்லாம் துறைமுகத்தில் இறங்கிவிட்டோம். என் கைபேசியில் அன்று எடுத்த படங்கள் ஆறுதான். ஆறிலும் கடலும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியும்தான் இருக்கின்றன. படம் எடுப்பதற்காகப் போகிறவர்களுக்கு இந்தப் பயணம் பிடிக்காமல் போகலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், முதுகுவலி உள்ளவர்களையும், கருவுற்றிருப்பவர்களையும் கூட்டிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். முகத்துவாரத்தின் அந்த ஐந்து நிமிடம் போதும், இடுப்பை உலுக்கிவிடும்.

அந்த ஞாயிறு இரவு நாத்தனார் மொரீஷியசிலிருந்து பேசினார். மகள் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு தரையில் காது வைத்துக் கேட்டதை மூச்சு விடாமல் சொன்னாள். அந்தச் சீழ்க்கையை நாக்கை மடித்துச் செய்து காட்டினாள். பிறகு கேட்டாள்: "அத்தை, அங்கே நீங்கள் இறங்கியபோது எத்தனை படகு இருந்தது?"

மறுமுனையில் நாத்தனார் யோசித்தார். "பத்துக்கு மேல் இருக்கும் செல்லம். நாங்கள் இறங்க இறங்க அவை கீழே போய்விடும். நாங்கள் மறுபடி ஏறி, முன்னால் போய், மறுபடி இறங்குவோம்."

"இஞ்சினை அணைக்கவே இல்லையா?"

"இல்லை என்றுதான் நினைக்கிறேன்" என்றார் நாத்தனார். அடுத்த மே மாதம் அவர் ஊருக்கு வருகிறார். அப்போது மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, சவாரிப் படகு போகுமா என்று படகோட்டி மாமாவிடம் கேட்டு வைக்கும்படி மகள் என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.